அடைமழைக்கு முன் அடுப்படி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஆவணி பிறந்ததிலிருந்து வந்துள்ள கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கவலையைச் சுமந்திருக்கின்றன. ஐப்பசி முதல் மார்கழி வரை கூலியும் இல்லை, சந்தையில் விலையும் ஏறிவிடுகிறது. இந்த மூன்று மாதங்களைக் கடன் வாங்காமல் கடப்பது எப்படி என்பதே அந்தக் கவலை. ஆகவே இந்த இதழில் சமையல் குறிப்புகளையும் வீட்டு அலங்காரக் கேள்விகளையும் ஒதுக்கிவிட்டு, மழைக்காலத் தட்டுப்பாட்டைப் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். கடிதம் எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: என் கணவர் உப்பளத்தில் வேலை செய்கிறார். மழை பிடித்துவிட்டால் தை பிறக்கும் வரை அவருக்கு வேலை இல்லை. மாமியார், நாங்கள் இருவர், மூன்றாம் வகுப்பிலும் ஏழாம் வகுப்பிலும் படிக்கும் இரண்டு பிள்ளைகள் என ஐந்து பேர். இப்போதிலிருந்து வாரத்துக்கு 300 ரூபாய் எடுத்து வைக்கலாம் என்று நினைக்கிறேன். மொத்தமாக அரிசி வாங்கிப் போடுவதா, வேறு ஏதாவது செய்வதா?
— வேதாரண்யம் வட்டாரத்து வாசகி

பதில்: அரிசியில் தொடங்க வேண்டாம், சகோதரி. மழைக்காலத்துக்குச் சேமிப்பது என்றவுடன் நம் கை முதலில் அரிசி மூட்டையை நோக்கித்தான் போகிறது. டெல்டாவில் சம்பா அறுவடை தையில்தான் என்பதால், கார்த்திகையிலும் மார்கழியிலும் குதிரின் அடி தெரிந்துவிடும் என்ற பழைய அச்சம் நமக்கு மரபாக வந்து சேர்ந்திருக்கிறது. “தை பிறந்தால் வழி பிறக்கும்” என்று இன்று கல்யாணப் பேச்சுக்குத்தான் சொல்கிறோம் என்றாலும், அது முதலில் புது நெல்லை எதிர்பார்த்துக் காத்திருந்த வீட்டின் பேச்சாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஆனால் 2011 ஜூன் முதல் நம் நியாயவிலைக் கடைகளில் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. உங்களுடையது முன்னுரிமைக் குடும்ப அட்டை என்றால் ஆளுக்கு 5 கிலோ கணக்கு. அந்தியோதயா அட்டை என்றால் குடும்பத்துக்கு 35 கிலோ. ஒரு வேளைக்கேனும் சோற்றுக்கு இது உறுதி. உங்கள் வீட்டில் உண்மையில் தீர்ந்துபோகப் போவது சோறு அன்று. சோற்றை வேகவைக்கும் எரிபொருள், அதன் மேல் ஊற்றும் குழம்பு, குடிக்கும் தண்ணீர், மருந்துக்கும் பேருந்துக்கும் வேண்டிய கைக்காசு ஆகிய நான்கும்தான். 300 ரூபாயை இவற்றுக்கே செலவிடுங்கள்.

வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்கும் என்று கொண்டால், உங்களுக்கு ஆறு வாரங்கள் இருக்கின்றன. அதாவது 1,800 ரூபாய். அதில் பாதியைத் தொடாமல் எரிவாயு உருளைக்கென்று வையுங்கள். உஜ்வலா இணைப்புக்கு மானியம் உண்டு என்றாலும் அது பிறகுதான் வங்கிக் கணக்கில் வந்து சேரும். உருளை வீட்டுக்கு வரும் நாளில் முழுத் தொகையும் கையில் இருந்தாக வேண்டும். வேலை இல்லாத மாதத்தில் இந்தத் தொகைக்குத்தான் பல வீடுகளில் முதல் கைமாற்று தொடங்குகிறது. மீதிப் பாதியில் புளி, மிளகாய் வற்றல், மல்லி, பாசிப்பயறு, கொள்ளு, காய்ந்த பட்டாணி, தீப்பெட்டி, மெழுகுவர்த்தி ஆகியவற்றை வாரத்துக்கு இரண்டு பொருளாக வாங்குங்கள். உப்பைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கடைசி வாரத்துப் பணத்தைப் பத்து ரூபாய், இருபது ரூபாய்த் தாள்களாக மாற்றித் தனியே வையுங்கள்; மின்சாரம் போன நாளில் பணம் எடுக்கும் இயந்திரமும் இயங்காது, கைப்பேசியில் பணம் அனுப்புவதும் நடக்காது, ஐந்நூறு ரூபாய்த் தாளுக்குச் சில்லறை கொடுக்கக் கடைக்காரரிடமும் இருக்காது.

நியாயவிலைக் கடையில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் மாதம் ஒன்று வீதம் கிடைக்கின்றன. “இந்த மாதம் பருப்பு வேண்டாம்” என்று விட்டுவிடும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. ஆவணிக்கும் புரட்டாசிக்கும் உரிய பருப்பையும் எண்ணெயையும் தவறாமல் வாங்கி, மாதம் கால் பங்கையாவது தனி டப்பாவில் மாற்றி வையுங்கள். வெளிச்சந்தையில் அதே பருப்பு எத்தனை மடங்கு விலை என்று உங்களுக்கே தெரியும். ஐப்பசிக்குப் பிறகு மாதத்தின் முதல் பத்து நாட்களுக்குள் பொருள் வாங்கிவிடுங்கள். மாதக் கடைசிவரை தள்ளிப்போட்டவர்கள்தான் தண்ணீர் சூழ்ந்த வாரத்தில் வெறும் பையோடு நிற்கிறார்கள்.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். இதை யாரும் போடுவதில்லை. உங்கள் மூன்றாம் வகுப்புப் பிள்ளை அரசுப் பள்ளியில் படித்தால் காலை உணவையும் மதிய உணவையும் அங்கேயே சாப்பிடும். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு மதிய உணவு கிடைக்கும். மழைக்காக ஒரு நாள் பள்ளி விடுமுறை அறிவிக்கப்பட்டால், மூன்று வேளைச் சாப்பாடு உங்கள் அடுப்புக்குத் திரும்பி வருகிறது. பருவம் முழுவதும் பத்து நாள் விடுமுறை என்றால் முப்பது வேளை, முட்டையும் போகும். பிள்ளைகளுக்கு விடுமுறை கொண்டாட்டம், தாய்க்கு அது கூடுதல் உலை. எனவே அந்தப் பயறும் பட்டாணியும் விடுமுறை நாட்களுக்கு என்றே ஒதுக்கப்பட வேண்டும். சாதாரண நாளில் சுண்டல் செய்து தீர்த்துவிடாதீர்கள்.

உப்பளத் தொழிலாளர்களுக்கு வேலையில்லாத அக்டோபர், நவம்பர், டிசம்பர் மாதங்களை முன்னிட்டு மாநில அரசு அண்மைய ஆண்டுகளில் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்கி வருகிறது. உங்கள் கணவரின் நல வாரியப் பதிவு உயிரோடு இருக்கிறதா, புதுப்பிக்க வேண்டுமா, வங்கிக் கணக்கு எண் சரியாக இருக்கிறதா என்பதை இப்போதே தொழிலாளர் அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தப் பணத்தை நம்பி இன்றைக்கு எதையும் கடனுக்கு வாங்காதீர்கள், வரும்போது வரட்டும்.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் உங்கள் ஊருக்குப் பதில் எழுத முடியாது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் உங்கள் வட்டாரத்தில்தான் கரை ஏறியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. நிலத்தடி நீர் உவர்ப்பாக இருக்கும் ஊர்களுக்குக் கொள்ளிடத்திலிருந்து குழாய் வழியே குடிநீர் வருகிறது. மின்சாரம் நின்றால் அதுவும் நின்றுவிடும், மேல்நிலைத் தொட்டியும் காலியாகிவிடும். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஐந்து பேருக்கு நாளொன்றுக்குச் சுமார் 20 லிட்டர் வேண்டும். புயல் எச்சரிக்கை வந்த அன்று, மூன்று நாளுக்கு 60 லிட்டர், அதாவது மூடியுள்ள பாத்திரங்களில் நான்கு குடம், தனியே பிடித்து வையுங்கள். இதற்கு ஒரு காசும் செலவில்லை. மறதி ஒன்றுதான் இடைஞ்சல். மழை நீரையும் பிடிக்கலாம்: முதல் பத்து, பதினைந்து நிமிட நீரை ஓடவிட்டு, அதன் பிறகு விழுவதை வெள்ளைத் துணியில் வடிகட்டிப் பிடித்தால் துவைக்கவும் கழுவவும் ஆகும், நன்றாகக் கொதிக்கவைத்த பின் சமையலுக்கும் பயன்படும். கூரை வீடு என்றால் கூரையிலிருந்து வடியும் நீரைப் பிடிக்காமல், சுத்தமான தார்ப்பாயைக் கட்டி அதிலிருந்து பிடியுங்கள்.

உங்கள் மாமியாருக்கு இரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை இருந்தால், ஐப்பசி தொடங்குவதற்கு முன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு, எப்போதும் இரண்டு வார மாத்திரை கையிருப்பில் இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். குடும்ப அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம் ஆகியவை ஒரே பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கட்டும்.

கேள்வி: ஒவ்வோர் ஆண்டும் புரட்டாசியில் பருப்பு வாங்கி வைக்கிறேன், கார்த்திகையில் திறந்து பார்த்தால் வண்டும் பூஞ்சையுமாக இருக்கிறது. சேமித்தும் நட்டம்தான் என்று வீட்டில் கேலி செய்கிறார்கள்.
— திருவாரூர் மாவட்டத்து வாசகி

பதில்: வண்டு பெரும்பாலும் கடையிலிருந்தே முட்டையாக வந்துவிடுகிறது, ஈரம் நம் வீட்டில் சேர்கிறது. இரண்டையும் வெயில் ஒன்றே தீர்க்கும் என்பதால் புரட்டாசி வெயிலை வீணாக்கக் கூடாது. வாங்கிய பருப்பையும் பயறையும் முறத்தில் புடைத்து, இரண்டு நாள் நல்ல வெயிலில் மெல்லிய படலமாகப் பரப்பிக் காயவையுங்கள். சூடு முழுவதும் ஆறிய பிறகே டப்பாவில் அடையுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்து, நீங்களே பூஞ்சைக்கு இடம் கொடுத்ததாகிவிடும். நூற்றுக்குத் தொண்ணூறு வீடுகளில் நடக்கும் தவறு இதுதான் என்று துணிந்து சொல்வேன். துவரம் பருப்பை அதிக நாள் வைக்க வேண்டுமானால், ஒரு கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி விளக்கெண்ணெய் விட்டுப் பிசறி வைப்பது நம் பாட்டிமார் வழக்கம். வண்டு அண்டாது, சமைக்கும்போது வெந்நீரில் ஒரு முறை கழுவினால் வாடையும் போய்விடும். அரிசியில் காய்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து போடலாம். பச்சை வேப்பிலையைப் போட்டுவிட்டு ஈரம் வந்தது என்று வருந்துபவர்களும் இருக்கிறார்கள்.

பெரிய டின் ஒன்றில் எல்லாவற்றையும் கொட்டாமல், அரைக் கிலோ, ஒரு கிலோ அளவில் சிறு டப்பாக்களில் பிரித்து வையுங்கள். பெரிய டின்னை மழைநாளில் தினமும் திறந்தால் தினமும் ஈரக்காற்று உள்ளே போகும். சிறு டப்பாவில் ஒன்று கெட்டாலும் மற்றவை தப்பும். மூட்டை எதுவும் தரையைத் தொடக்கூடாது, சுவரையும் தொடக்கூடாது. இரண்டு செங்கல் மேல் ஒரு பலகை போதும். பூஞ்சை பிடித்த நிலக்கடலையையும் பயறையும் “காயவைத்துச் சாப்பிட்டுவிடலாம்” என்று எண்ணாதீர்கள். அந்த நஞ்சு வெயிலிலும் போகாது, வறுத்தாலும் முழுமையாகப் போகாது. அதை மட்டும் தயங்காமல் எறிந்துவிடுங்கள்.

கேள்வி: தக்காளியும் வெங்காயமும் இல்லாமல் என்னால் சமைக்கவே தெரியவில்லை. மழைக்காலத்தில் காய்கறிக்கு மட்டும் வாரம் ஐந்நூறு ரூபாய்க்கு மேல் போகிறது. என்ன செய்யலாம்?
— திருச்சியிலிருந்து ஒரு வாசகி

பதில்: 2019 டிசம்பரில் வெங்காயம் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது, 2021 நவம்பரில் தக்காளியும் அப்படியே. இரண்டும் மழையில் அழுகும் பயிர்கள். ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் மழை கொட்டினால் நம் சந்தையில் விலை ஏறும். இனியும் ஏறும் என்றே வைத்துக்கொண்டு சமையலைத் திட்டமிடுவது நல்லது. தக்காளி நம் சமையலுக்கு வந்து அதிகக் காலம் ஆகிவிடவில்லை. புளிக்குழம்பும் மோர்க்குழம்பும் மிளகு ரசமும் கொள்ளு ரசமும் அதை எதிர்பார்த்தவை அல்ல. வாரத்தில் நான்கு நாள் தக்காளி இல்லாத சமையல் என்று முடிவு செய்தால் செலவில் பெரும் பகுதி குறைந்துவிடும்.

வற்றல் போடும் காலம் பங்குனியும் சித்திரையும்தான். சுண்டைக்காய், மணத்தக்காளி, கொத்தவரை, மோர்மிளகாய் ஆகியவற்றை அப்போதே போட்டு வைத்தவர்கள் இப்போது கவலையின்றி இருப்பார்கள். போடாதவர்கள் புரட்டாசியின் வெயில் நாட்களைப் பயன்படுத்திக் கொத்தவரையையும் பாகற்காயையுமாவது போடலாம். சில நாள் மேகம் மூடிக்கொள்ளும் என்பதால், வெயில் குறைந்த மாலையில் உள்ளே எடுத்துவிட்டு மறுநாள் மீண்டும் பரப்ப வேண்டும். சிறிய அளவில் போடுவதே பாதுகாப்பு. அசைவம் சாப்பிடும் வீடாக இருந்தால் நெத்திலிக் கருவாடு இருக்கவே இருக்கிறது. ஒரு கைப்பிடி போட்டால் ஐந்து பேர் குழம்புக்கு மணமும் புரதமும் கிடைத்துவிடும். காய் எதுவும் தேடவேண்டாம்.

பச்சைக் காய்களில் நான் முதலிடம் கொடுப்பது பரங்கிக்காய்க்கு. காம்போடு கூடிய, தோல் கீறாத, நன்கு முற்றிய காயாகப் பார்த்து மூன்று வாங்கி உறியில் தொங்கவிட்டால் இரண்டு மாதத்துக்குக் குறையாமல் இருக்கும். வெட்டிய பிறகுதான் அதற்கு அவசரம். சாம்பல் பூசணியும் அப்படியே. கீரையை மழைநாளில் காசு கொடுத்து வாங்குவது மண்ணையும் தண்ணீரையும் வாங்குவது போன்றது; அதற்குப் பதிலாக இப்போதே முருங்கை இலையை நிழலில் உலர்த்திப் பொடித்து வைத்துக்கொண்டால், சாம்பாரிலும் அடை மாவிலும் ஒரு கரண்டி சேர்க்கலாம். பலத்த காற்றடித்த மறுநாள் வாழைத்தண்டும் வாழைப்பூவும் மலிவாக வரும். தோட்டக்காரர் கண்ணீரோடு விற்கும் பொருள் என்பதால் அதில் பேரம் பேச எனக்கு மனம் வருவதில்லை.

வெங்காயத்தை அடியோடு விட முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். விலை குறைவாக இருக்கும்போது இரண்டு கிலோ சின்ன வெங்காயம் வாங்கித் தாளிப்பு வடகமாகச் செய்து வைத்துக்கொள்ளுங்கள். கடுகு, உளுந்து, பூண்டு, கறிவேப்பிலை எல்லாம் அதற்குள்ளேயே இருப்பதால், மழைநாளில் ஒரு சிறு உருண்டை எண்ணெயில் பொரிந்தால் தாளிப்பு முடிந்துவிடும்.

கேள்வி: நாங்கள் மீனவக் குடும்பம். ஐப்பசியில் தீபாவளிச் செலவு, அதன் பிறகு கடல் கொந்தளிப்பு. போன ஆண்டு தீபாவளிக்கு வாங்கிய கடனுக்கு ஆனி வரை வட்டி கட்டினேன். இந்த ஆண்டும் அப்படித்தான் ஆகுமோ என்று பயமாக இருக்கிறது.
— கடலூர் மாவட்டத்து வாசகி

பதில்: உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது, உங்களைக் கடனில் தள்ளுவது மழையைவிட மழைக்கு முந்தைய வாரம்தான். நூற்றுக்கு மாதம் ஐந்து ரூபாய் வட்டி என்று பத்தாயிரம் வாங்கினால் மாதம் 500 ரூபாய். வருமானமே இல்லாத மூன்று மாதத்தில் 1,500 ரூபாய் வட்டிக்கு மட்டும் போகும், முதல் அப்படியே நிற்கும். அந்த 1,500 ரூபாயில் ஐந்து பேர் வீட்டுக்கு மூன்று மாதப் பருப்பும் எண்ணெயும் நியாயவிலைக் கடைக் கணக்கில் வாங்கிய பிறகும் ஆயிரத்துக்கு மேல் மிஞ்சும். பண்டிகையை விட்டுவிடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. பிள்ளைகளுக்கு மட்டும் புதுத்துணி, பெரியவர்களுக்குப் பொங்கலுக்கு என்று வீட்டில் பேசி முடிவெடுங்கள். பட்டாசும் பலகாரமும் தரும் தீபாவளிச் சீட்டுகளில் பணம் கட்டுவதற்கு முன், நடத்துபவர் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். சீட்டுக்காரர் காணாமல் போனார் என்ற கடிதம் ஆண்டுதோறும் எனக்கு வருகிறது.

கடன் வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால் உங்கள் மகளிர் குழுவின் உள்கடன் முதல் வழி. கூட்டுறவுச் சங்கத்தில் நகைக்கடன் இரண்டாவது. தனியாரிடம் போவது அதற்கும் பிறகுதான்; அங்கும் மீட்டர் வட்டி, கந்து வட்டி கேட்பவரைத் தண்டிக்க 2003-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். மீனவர்களுக்கும் மீனவ மகளிருக்கும் மீன்வளத் துறையின் சேமிப்பு மற்றும் நிவாரணத் திட்டம் உண்டு: நீங்கள் 1,500 ரூபாய் சிறிது சிறிதாகச் செலுத்தினால், மத்திய, மாநில அரசுகளின் பங்கும் சேர்ந்து 4,500 ரூபாயாக வருமானம் குறைந்த மாதங்களில் திரும்பி வரும் என்ற அடிப்படையில் அமைந்த திட்டம் அது. உங்கள் ஊர் மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் இவ்வாண்டுத் தொகையையும் கடைசி நாளையும் கேட்டு, வீட்டில் ஆணும் பெண்ணும் இருவருமே சேர்ந்திருக்கிறீர்களா என்று பாருங்கள். வெளியில் ஐந்து வட்டிக்கு வாங்கும் ஒரு குடும்பம், இந்த 1,500 ரூபாயைக் கட்டத் தவறுவது எனக்குப் புரியாத புதிர்.

கேள்வி: விறகடுப்புதான் எங்களுக்கு. மழையில் விறகு நனைந்து, சமையல்கட்டு முழுவதும் புகை. இருக்கும் ஒரே எரிவாயு உருளையை அவசரத்துக்கு வைத்திருக்கிறோம்.
— புதுக்கோட்டை மாவட்டத்து வாசகர்

பதில்: ஒரு வீட்டு ஆண் இந்தக் கேள்வியைக் கேட்டு எழுதியதற்கு முதலில் நன்றி. விறகைச் சேர்ப்பதைவிட அதை உலர்ந்த நிலையில் வைத்திருப்பதுதான் வேலை. கனமான கட்டைகளை இப்போதே பிளந்துவிடுங்கள். பிளக்காத கட்டை உள்ளே ஈரத்தை வைத்துக்கொள்ளும். தாழ்வாரத்தில் இரண்டு குறுக்குக் கட்டைகளின் மேல், காற்று புகும்படி இடைவெளி விட்டு அடுக்கி, மேலே மட்டும் தார்ப்பாய் போடுங்கள். நான்கு பக்கமும் இறுக்கி மூடினால் விறகு வியர்க்கும். பற்றவைக்கத் தென்னம்பாளையும் பன்னாடையும் கொட்டாங்குச்சியும் ஒரு சாக்கு நிறைய பரணில் இருக்கட்டும். நாளைக்கு எரிக்கப்போகும் விறகை இன்று அடுப்பு அணைந்த பிறகு அடுப்போரத்தில் சாய்த்து வைத்தால், அந்த மிச்சச் சூட்டிலேயே அது காய்ந்துவிடும்.

எரிபொருளைக் குறைக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. அரிசியை அரை மணி நேரம் ஊறவைத்து, அளந்த தண்ணீரில் கொதிக்கவிட்டு, ஐந்து நிமிடம் வெந்ததும் பானையை இறக்கி மூடி, வைக்கோல் நிரப்பிய கூடையிலோ பழைய கம்பளியும் சாக்கும் சுற்றிய பெட்டியிலோ முக்கால் மணி நேரம் வைத்துவிடுங்கள். சோறு தானாக வெந்திருக்கும், அடுப்பு எரியும் நேரம் பாதிக்கும் கீழே குறையும். பயறு, கொள்ளு எல்லாம் முதல் நாள் இரவே ஊறினால் வேகும் நேரம் பெரிதும் குறையும். இரவுச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் மறுநாள் காலைக்கு அடுப்பே மூட்ட வேண்டாம் என்பதை உங்கள் மாவட்டத்துக்காரருக்கு நான் சொல்லித்தரப் போவதில்லை.

கேள்வி: சென்னையில் தாழ்வான பகுதியில், தரைத்தளத்தில் ஒற்றை அறையில் இருக்கிறோம். பொருள் சேர்த்து வைக்க இடமும் இல்லை, வைத்தால் தண்ணீரில் போய்விடும்.
— சென்னையிலிருந்து ஒரு வாசகி

பதில்: உங்களுக்கு மூன்று மாதச் சேமிப்பு ஒத்துவராது, நான்கு நாளைக்குரியதே போதும். 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் நகரத்தில் முதலில் மறைந்தது பால்தான். கிடைத்த இடத்தில் பல மடங்கு விலை. சிறு குழந்தை இருந்தால் ஒரு பால் பொடி உறை, அவல், பொட்டுக்கடலை மாவு, வெல்லம், பேரீச்சை ஆகியவை அடுப்பே இல்லாமல் நான்கு நாளைத் தள்ள உதவும். இவற்றை மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் வாளியில் அடைத்து, சுவரில் தோள் உயரத்துக்கு மேல் ஆணியடித்துத் தொங்கவிடுங்கள். வெளியேற வேண்டி வந்தால் அந்த வாளியோடு புறப்படலாம். மேல்தளத்தில் குடியிருப்பவரிடம் வாளியை வைத்துக்கொள்ளும்படி மழைக்கு முன்பே கேட்டுக்கொள்வது இன்னும் நல்லது. தண்ணீர் ஏறிய இரவில் கேட்பதற்குக் கூச்சம் தடுக்கும்.

வெள்ள நீர் பட்ட உணவை, உறை பிரிக்காதது என்றாலும், காகித உறையாக இருந்தால் உண்ணாதீர்கள். குடிநீரை நன்றாகக் கொதிக்கவிட்டு ஆறவைத்துக் குடியுங்கள். வயிற்றுப்போக்கு வந்தால், ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து அடிக்கடி கொடுக்கலாம்; சுகாதார நிலையத்தில் உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இலவசமாகவே கிடைக்கும். வெள்ள உதவிக்கு மாநிலக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1070, மாவட்ட எண் 1077. இரண்டையும் கதவின் பின்புறம் எழுதி வையுங்கள்.

கேள்வி: இங்கே மார்கழி, தை மாதங்களில் உறைபனி. தேயிலைக் கொழுந்து குறைவதால் கூலியும் குறைவு. கம்பளி வாங்கப் பணமில்லாமல், இரவில் அறைக்குள் கரி அடுப்பு வைத்துக்கொள்கிறோம். இது சரியா?
— கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகர்

பதில்: தயவுசெய்து இன்றே நிறுத்துங்கள். மூடிய அறையில் எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூங்குபவர் தூக்கத்திலேயே இறந்துவிடுவார். மலைப்பகுதியில் இத்தகைய மரணங்கள் நடந்துதான் வருகின்றன. கம்பளிக்குப் பதில், இரண்டு பழைய புடவைகளுக்கிடையே கிழிந்த துணிகளை அடுக்கித் தைத்தால் நல்ல மெத்தைப் போர்வையாகும். தரைக் குளிர் ஏறாமல் பாய்க்கு அடியில் அட்டைப்பெட்டிகளை விரித்துப் பரப்புங்கள். போர்வையைவிட இது அதிகம் உதவும். வெந்நீர் நிரப்பிய புட்டியைத் துணியில் சுற்றிப் பாதத்துக்கருகில் வைத்துக்கொள்ளலாம். எல்லோரும் ஒரே அறையில் படுங்கள்.

கேள்வி: எல்லோரும் இப்படி வாங்கி வைத்தால் அதுவே பதுக்கல் ஆகி விலை ஏறாதா? தவிர, இரண்டு ஆண்டாகச் சேர்த்தோம். புயலும் வரவில்லை, வெள்ளமும் வரவில்லை. சேர்த்ததை என்ன செய்வது?
— மயிலாடுதுறையிலிருந்து ஒரு வாசகர்

பதில்: புயல் அறிவிப்பு வந்த அன்று மாலை பத்துக் கிலோ வாங்குவது விலையை ஏற்றும், ஆவணியிலிருந்து வாரம் அரைக் கிலோவாக வாங்குவது ஏற்றாது. முதலாவதைச் செய்பவர்கள் பெரும்பாலும் கையில் பணம் உள்ளவர்கள் என்பதால், உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது; அது வேறு வாசலில் சொல்லப்பட வேண்டியது.

சேர்த்ததைச் சாப்பிட வேண்டும். புயல் வந்தால்தான் திறப்பேன் என்று பூட்டி வைப்பதற்கு அது தங்கம் அன்று. எங்கள் வீட்டில் அம்மா ஒரு வழக்கம் வைத்திருந்தார்: கார்த்திகை தீபம் முடிந்த மறுநாளிலிருந்து மழைக்காலத்து டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறப்பார், முதலில் வாங்கியது முதலில் தீரும். மார்கழிக் கடைசியில் போகிக்கு வீட்டை வெள்ளையடிக்கும்போது எல்லா டப்பாவும் காலியாக, கழுவித் திண்ணையில் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். ஏதாவது ஒன்றில் பருப்பு மிச்சமிருந்தால், அடுத்த ஆண்டு அதில் கால் கிலோ குறைத்து வாங்கவேண்டும் என்று நாட்காட்டியின் பின்பக்கத்தில் குறித்துக்கொள்வார். நீங்களும் இரண்டு ஆண்டுக் கையிருப்பை இப்போது எடுத்துப் பாருங்கள். தீராமல் நிற்பது எதுவோ அதை இந்தப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள்.